விருந்தாளி விளையாட்டு

பேருந்திலிருந்து இறங்கும்போதே அங்கன்வாடி வாசலில் கூட்டம் நிற்பது சத்யப்பிரியாவுக்குத் தெரிந்துவிட்டது. சாவுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி இல்லை. சாவுக்கு நிற்பவர்கள் ரோட்டைப் பார்க்க மாட்டார்கள். இவர்கள் எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடலூரில் அங்கன்வாடி டீச்சர்களின் மாதக் கூட்டம் முடிந்து வந்திருந்தாள். கையிலிருந்த பையில் வண்ணத்தாள் கட்டு ஒன்றும் கோந்து பாட்டிலும் இருந்தன. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை ஓட ஆரம்பித்துவிட்டதால் சின்னநத்தம் ஊர் முழுக்கக் கரித்தூள் பறந்துகொண்டிருந்தது. இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் டீக்கடைக்காரன் காத்தவராயன் எதிரே வந்து நின்றான். தோளில் அவனுடைய மகள் தன்யஸ்ரீ. நான்கு வயது. கண் இரண்டும் மூடிப்போய், உதடு தடித்து, கழுத்தெல்லாம் தடிப்பு தடிப்பாக எழும்பியிருந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பியிருந்தார்கள்.

“பாரு. நல்லா பாரு. ஒன் பட்டாம்பூச்சி பண்ணன வேலய பாரு.”

“என்னாண்ணா ஆச்சி?”

“என்னா ஆச்சியா? கம்பிளிபூச்சிய எடுத்து மூஞ்சில வுட்டுக்கிச்சி. நீதான பூச்சிய பாத்தா வெரல நீட்டுன்னு சொல்லிக்குடுத்த?”

“நான் எங்கண்ணா கம்பிளிபூச்சி வச்சன்?”

“உள்ள போயி பாரு.”

உள்ளே போனாள். குழந்தைகளைத் தூங்கவைத்து மேலே மூடும் கொசுவலைக் குடை ஒன்றை மூலையில் வைத்து, அதற்குள்தான் அவள் புழு வளர்ப்பாள். குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு முருங்கைக் கொப்பு. பட்டையே தெரியாத அளவுக்குச் சாம்பல் நிறக் கம்பளிப்பூச்சிகள் அப்பியிருந்தன. பாதி தரையில் ஊர்ந்துகொண்டிருந்தன.

அவள் வைத்ததெல்லாம் எருக்கங்கொப்பு. எருக்கம் இலை தின்கிற புழுவுக்கு மயிர் கிடையாது. வழுவழுவென்று, கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் கோடு போட்ட சட்டை மாதிரி இருக்கும். கையில் விட்டால் ஒன்றும் செய்யாது. ஆறு மாதமாக அதை வைத்துத்தான் பாடம் நடத்தினாள். ஒரு புழு. அதன் பேர் குண்டான். தின்னத் தின்னக் குண்டானுக்குச் சட்டை பத்தாமல் போகும். கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே இருக்கிற புதுச் சட்டையோடு வெளியே வரும். “தையக்காரன் யாருடா?” என்று கேட்பாள். “குண்டானே!” என்று கத்துவார்கள். நாள்காட்டித் தாளை விசிறி மாதிரி மடித்து, நடுவில் துணி கிளிப்பை மாட்டினால் பட்டாம்பூச்சி. ஒரு சிறகில் ராகுகாலம், இன்னொரு சிறகில் எமகண்டம். வெண்டைக்காயை நறுக்கிச் சாயத்தில் தொட்டுச் சிறகில் புள்ளி வைப்பார்கள். பழைய புடவையில் ஒரு பிள்ளையைச் சுருட்டிப் படுக்கவைப்பாள். அதுதான் கூடு. மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து சத்தமில்லாமல் காத்திருக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைகள் சத்தமில்லாமல் இருப்பது அந்த விளையாட்டில் மட்டும்தான். புடவைக்குள்ளிருந்து நெளிந்து நெளிந்து வெளியே வந்து கையை விரித்தால் எல்லோரும் எழுந்து பறப்பார்கள்.

இன்னொன்று விருந்தாளி விளையாட்டு. புழு வந்தால் விருந்தாளி. அடிக்கக் கூடாது, நசுக்கக் கூடாது. விரலை நீட்டிக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்தால் அதுவாக ஏறி வரும். ஏறி வந்தவனுக்குக் கைதட்டல். அப்புறம் எருக்கம்பால் கண்ணில் படாமல் இருக்க எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

பாடத்தைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் எழிலரசி மேடம் அசந்துபோனார். வெள்ளிக்கிழமை சிதம்பரத்துப் பக்கமிருந்து பத்து டீச்சர்களைக் கூட்டிவருகிறேன், அவர்களும் பார்க்கட்டும் என்று சொல்லியிருந்தார். போன வாரம் நூறுநாள் வேலைப் பெண்கள் ரோட்டோரத்து எருக்கம்புதரை எல்லாம் அறுத்துச் சுத்தம் செய்துவிட்டார்கள். இலையும் போயிற்று, புழுவும் போயிற்று. வெறும் வலையை வைத்துக்கொண்டு என்னத்தைக் காட்டுவது என்று நேற்றுச் சாப்பிடாமல் கூட உட்கார்ந்திருந்தாள்.

அடுப்படியில் அமிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அமிர்தம்தான் மையத்தின் உதவியாளர். சத்யப்பிரியாவின் புருஷனுக்கு அண்ணன் பொண்டாட்டி. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தன. இந்த வேலைக்கு அவளை மனுப் போடச் சொல்லி, ஆபீஸ் ஆபீஸாக அழைத்துப்போனவள் சத்யப்பிரியா.

“நான்தான் ஒடிச்சாந்தன் சத்யா,” என்றாள் அமிர்தம் மெதுவாக. “நம்ம தோட்டத்து முருங்கயில. வெள்ளிக்கெழம ஆளுங்க வராங்களே, பூச்சி இல்லன்னு மொகத்த தொங்கப்போட்டுக்கிட்டு கெடந்தியே, பாக்க முடியல.”

“அது நமைக்கும்னு ஒனக்குத் தெரியாதாக்கா?”

“தெரியாம என்னா. வலைக்குள்ளதான வச்சன். யாரு தொடச் சொன்னா? உல வைக்கப் போனன். அதுக்குள்ள விருந்தாளி விருந்தாளின்னு தொறந்துடுச்சிங்க சனியனுங்க. எம் பொண்ணுகூட தொட்டிருக்குது, கையெல்லாம் செவந்து கெடக்குது.”

வெளியே காத்தவராயன் கதவைத் தட்டினான். “வெளிய வரீங்களா, நான் உள்ள வரட்டா?”

“நீ வாயத் தெறக்காதக்கா. நான் பேசிக்கிறன்.”

வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். “என் சென்டரு. என் பொறுப்பு. கத்தறத அப்பறம் கத்துங்க. மொதல்ல புள்ளய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க.”

அவளே தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

கடலூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார்கள். பார்வைக்கு ஒன்றும் இல்லை, இரண்டு நாளில் வடிந்துவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் காத்தவராயன் உட்கார்ந்தான். குழந்தை சத்யப்பிரியாவின் மடியில் தூங்கியது. தூக்கத்தில் சொரியப் போன கையை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே பொண்ணு டீச்சர்,” என்றான் காத்தவராயன்.

“தெரியும்ண்ணா.”

“கம்ப்ளைண்டு குடுத்துட்டன். போன்லயே சொல்லிட்டன். வாபஸ்லாம் வாங்க மாட்டன்.”

“வாங்க வேணாம்.”

கொஞ்ச நேரத்தில் எழிலரசி மேடத்திடமிருந்து போன் வந்தது. “நாளைக்கு ஆபீசர் நேர்ல வரார். உண்மையச் சொல்லு சத்யா, யாரு கொண்டாந்தது? நீயா, ஹெல்பரா?”

“நாளைக்குச் சொல்றன் மேடம்.”

“வெளையாட்டு இல்லம்மா. கொண்டாந்தவுங்க அந்த சென்டர்ல இருக்க முடியாது. வேலையே போனாலும் போவும். இத்தன நாள் நல்ல பேரு எடுத்த, பாத்துக்க.”

“சரிங்க மேடம்.”

தன்யஸ்ரீயின் அம்மா வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. தோட்டத்தில் அமிர்தத்தின் புருஷன் கொளஞ்சி மூங்கில் கழியின் நுனியில் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, முருங்கை மரத்தைச் சுட்டுக்கொண்டிருந்தான். நெருப்பு பட்ட இடத்தில் பூச்சிகள் பொடபொடவென்று உதிர்ந்தன. மயிர் பொசுங்குகிற நாற்றம் தெருவரை அடித்தது. வருஷா வருஷம் மழை விட்டதும் செய்கிற வேலைதான். இந்த வருஷம் ஒரு நாள் தாமதம்.

குழந்தை எப்படி இருக்கிறது என்று கொளஞ்சி கேட்கவில்லை. அவளைப் பார்த்ததும் கழியை இன்னும் உயரத் தூக்கி, இல்லாத பூச்சியைத் தேடினான்.

அவள் புருஷன் ராஜ்கமல் டிராக்டர் டிப்பரில் உட்கார்ந்து காய்ந்த கரும்புச் சோகையைத் தள்ளிக்கொண்டிருந்தான். டிராக்டர் அண்ணன் பேரில் இருந்தது. ஓட்டுவது தம்பி. அப்பா செத்த பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவன் கொளஞ்சி. அதை அவன் சொல்லிக்காட்டியதே இல்லை. சொல்லிக்காட்டாததுதான் ராஜ்கமலைக் கட்டிப்போட்டிருந்தது.

“என்னா சொன்னான் டாக்டரு?”

“கண்ணுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு நாள்ல வடிஞ்சிடுமாம் மாமா.”

“ஆபீசரு வராராமே.”

“யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுது.” இறங்கி வந்து பக்கத்தில் நின்றான். “அண்ணி பாவம்டி. ஒனக்கோசரம்தான கொண்டாந்துது. அது பேரு வந்துச்சின்னா வேல போயிடும். எட்டாவது படிச்சதுக்கு வேற எவன் வேல குடுப்பான்?”

“எம் பேரு வந்தா?”

“நீ டீச்சரு. ஒன்ன தூக்க மாட்டாங்க. எங்கியாச்சும் மாத்துவாங்க.”

“ஆபீசரு ஒங்கிட்ட வந்து சொன்னாரா?”

“பேச்சுக்குச் சொல்றன்.”

“பேச்சுக்கு ஏன் மாமா சொல்ற? நான் தெளிவா சொல்றன், கேட்டுக்க. யார் பேரும் தனியா வராது. கொப்ப கொண்டாந்தது அக்கா. வலைக்குள்ள வச்சது தெரியாத்தனம், கெட்ட எண்ணம் இல்ல. பூச்சிய தொடலாம்னு சொல்லிக்குடுத்தது நான். எதத் தொடலாம் எதத் தொடக் கூடாதுன்னு சொல்லிக்குடுக்காதது என் தப்பு. ரெண்டு பேரும் பாதி பாதி ஏத்துக்குவோம். கால்ல வுழச் சொன்னா ரெண்டு பேரும் வுழுவோம்.”

ராஜ்கமல் தலையைச் சொரிந்தான். “ஒன் இஷ்டம்.”

அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அமிர்தத்திடமும் அதையே சொன்னாள்.

“நீ என்னாக்கா சொல்லப்போற?”

“நான் என்னாடி புதுசா சொல்லப்போறன்? உள்ளதச் சொல்லுவன். ஒக்காரு, சோறு போடறன். மத்தியானமும் தின்னிருக்க மாட்ட.”

தலைத் துண்டு கருவாடு சத்யப்பிரியாவுக்குப் பிடிக்கும். அமிர்தம் தேடி எடுத்துத் தட்டில் வைத்தாள். அமிர்தத்தின் மகள் இலக்கியா கையில் மஞ்சள் பூசிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கருவாட்டில் பாதி வாங்கித் தின்றாள். வழக்கத்துக்கு மேல் சிரித்துக்கொண்டே இருந்தாள். சித்தப்பாவைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தாள். ராஜ்கமல், “ஒழுங்கா தின்னுட்டுப் போயி படு,” என்று அதட்டினான்.

மறுநாள் காலையில் ராஜ்கமல் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடு என்றான். ஆலை ஆபீசில் கரும்பு வெட்டு உத்தரவு விஷயமாக ஒருத்தரைப் பார்க்க வேண்டுமாம். காலரில் கரி ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் ஒத்தி எடுத்துத் தேய்த்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு அவள் முகம் பார்க்காமல் போனான்.

ஆபீசர் தேவசகாயம் பதினோரு மணிவாக்கில் எழிலரசி மேடத்தோடு ஜீப்பில் வந்தார். குழந்தைகளைப் பாயில் வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். வாசலில் ஊர்க்காரர்கள். அமிர்தத்தைத்தான் முதலில் கேட்டார்.

“நீதான் ஹெல்பரா? என்ன நடந்துச்சு?”

அமிர்தம் கையைக் கட்டிக்கொண்டாள். “டீச்சருதான் சார் கொண்டாரச் சொன்னாங்க.”

சத்யப்பிரியா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“கூட்டத்துக்குப் போறப்ப அவுங்களே கொப்ப ஒடிச்சி, சாக்குப்பையில போட்டுக் குடுத்தாங்க சார். வலையில வச்சிடு, புள்ளைங்க பாக்கட்டும்னாங்க. நமைக்கும் டீச்சர்னு சொன்னன். ஒனக்கு என்னா தெரியும், சொன்னதச் செய்யின்னாங்க. நான் சம்பளத்துக்கு வேல செய்யறவ, நான் என்னா பண்ண முடியும்?”

“ஒனக்கு என்னா தெரியும்” என்ற வார்த்தையைச் சத்யப்பிரியா அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அமிர்தம் அதை டீச்சர் குரலிலேயே சொல்லிக்காட்டினாள். நன்றாகவே செய்தாள்.

“அக்கா,” என்றாள். அமிர்தம் தரையைப் பார்த்தாள்.

“பாத்தவுங்க யாராச்சும் இருக்காங்களா?” என்றார் தேவசகாயம்.

“இருக்காரு சார்,” என்றாள் அமிர்தம்.

வாசல் கூட்டம் விலகியது. தேய்த்த வெள்ளைச் சட்டையில் ராஜ்கமல் உள்ளே வந்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

“நீங்க யாரு?”

“டீச்சரோட ஊட்டுக்காரன் சார்.”

எழிலரசி மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீங்களே சொல்றீங்களா?”

“உள்ளதத்தான மேடம் சொல்லணும். நேத்து காலையில டிராக்டர் எடுக்கறப்ப பாத்தன். முருங்கக் கொப்ப ஒடிச்சிக்கிட்டு இருந்துச்சி. எதுக்குடின்னன். பாடத்துக்குன்னுச்சி. அப்பறம் நான் லோடுக்குப் போயிட்டன்.”

“மாமா, என்னப் பாத்துச் சொல்லு,” என்றாள் சத்யப்பிரியா.

அவன் ஆபீசரைப் பார்த்தபடியே நின்றான்.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று தேவசகாயம் அவளைக் கேட்டார்.

நேற்று வீட்டில் சொன்னதை அப்படியே சொன்னாள். பாதி பாதி என்று சொன்னாள். சொல்லும்போதே அது பொய் மாதிரி இருந்தது. இரண்டு பேர் ஒரே மாதிரி பேசும் இடத்தில் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி பேசினால் அப்படித்தான் இருக்கும். முடிப்பதற்குள் வாசலிலிருந்து காத்தவராயன் குரல் கொடுத்தான்.

“நேத்து நீதான டீச்சர் என் சென்டரு, என் பொறுப்புன்ன? ஊரே கேட்டுச்சே. இன்னிக்கி அந்தம்மா மேல தள்ற?”

“ஆமாம்மா, கட்டன புருஷனே சொல்றாரு,” என்று யாரோ ஒரு பெண் சொன்னாள்.

தேவசகாயம் பெருமூச்சு விட்டார். நல்ல மனிதர்தான். ஒரு தடவை குழந்தைகளையும் கேட்டுவிடலாம் என்று பாய்க்கு முன்னால் குந்தினார். முன் வரிசையில் இலக்கியா. கையில் இன்னும் மஞ்சள்.

“ஒம் பேரு என்ன பாப்பா?”

“இலக்கியா.”

“இந்தக் கம்பளிப்பூச்சிய யாரு கொண்டுவந்தாங்க?”

இலக்கியா ராஜ்கமலைப் பார்த்தாள். பிறகு கணீரென்று, “சித்தி,” என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கவில்லை. சத்யப்பிரியா வாயைத் திறந்தாள். நான்கு வயதுப் பிள்ளையை ஆபீசர் முன்னால் நிறுத்தி, நீ பொய் சொல்கிறாய் என்று சொல்ல வேண்டும். மூடிக்கொண்டாள்.

எழிலரசி மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நாளையிலிருந்து இங்கே வர வேண்டாம். பிச்சாவரம் பக்கம் ஒரு மையத்தில் ஆள் இல்லை, விசாரணை முடியும்வரை அங்கே போகட்டும். அதற்குப் பிறகு வேலை இருக்குமா இருக்காதா என்பது மேலே இருக்கிறவர்கள் கையில். வெள்ளிக்கிழமை யாரும் வர மாட்டார்கள். இனிமேல் எந்த மையத்திலும் பூச்சி கீச்சி கூடாது, சுவரில் படம் ஒட்டிக் காட்டினால் போதும்.

“நான் ஒன்ன எவ்ளோ நம்பனன் தெரியுமா?” என்றார் கடைசியாக.

“தெரியும் மேடம்.”

ஜீப் போயிற்று. கூட்டம் கலைந்தது. ராஜ்கமல் செருப்பை மாட்டிக்கொண்டு, டிராக்டரை எடுக்கப் போகிறவன் மாதிரி வேகமாகப் போய்விட்டான். கொசுவலைக் குடையை யாரோ தூக்கிச் சாக்கடையில் போட்டிருந்தார்கள்.

புதன்கிழமை முட்டை போடும் நாள். என்ன நடந்தாலும் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். அமிர்தம் சோற்றுக் குண்டானைத் தூக்கிவந்தாள். சத்யப்பிரியா முட்டைப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒருத்தி சோறு போட, ஒருத்தி முட்டை உரித்து வைக்க, எப்போதும் செய்கிற மாதிரியே வேலை நடந்தது.

“மனசுல வச்சிக்காத,” என்றாள் அமிர்தம், சோற்றைப் பார்த்துக்கொண்டே. “எனக்கு வேற வழி தெரியல. ஊட்டுக்குப் போயி பேசிக்கலாம். நாலு நாள்ல எல்லாம் மறந்துடும்.”

“அந்தப் பக்கம் ரெண்டு தட்டு காலியா இருக்குது. சோறு போடு.”

“நான் மட்டுமாடி சொன்னன்? எல்லாரும் ஒக்காந்து முடிவு பண்ணதுதான்.”

“சோறு போடுக்கா.”

இலக்கியா தட்டோடு நகர்ந்து நகர்ந்து சத்யப்பிரியாவின் முழங்காலை ஒட்டி வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு மஞ்சள் கரு மட்டும்தான் பிடிக்கும். வெள்ளையைச் சித்திக்கு ஊட்டிவிடுவாள்.

“சித்தி.”

“என்னா?”

“நான் கரெக்டா சொன்னனா?”

முட்டைத் தோல் சத்யப்பிரியாவின் நகக்கண்ணில் ஏறியது. “என்னாத்த?”

“அந்த சார் கேட்டாரே. நான் கரெக்டா சொன்னன்ல? நீ சூப்பர்னே சொல்லல.”

“யாரு சொல்லிக்குடுத்தா?”

“சித்தப்பா. ஆபீசர் வெளாட்டு. சித்தப்பாதான் ஆபீசரு. துண்ட தலையில கட்டிக்கிட்டு, யாரு கொண்டாந்தான்னு கேப்பாரு. அம்மான்னு சொன்னா அவுட்டு. சித்தின்னு சொன்னா தூக்கிச் சுத்துவாரு.” வாயில் சோற்றோடு சிரித்தாள். “மொதல்ல அவுட்டாயிட்டன். அப்பறம் ஒரு வாட்டிகூட அவுட்டாவல.”

“எப்ப வெளாண்டீங்க?”

“நீ தன்யாவ தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனல்ல, அப்ப. அப்பாகூட சிரிச்சாரு.”

அமிர்தம் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். பாயின் அந்தக் கோடியில் ஒரு பிள்ளை சோறு கேட்டு அழுதது. அவள் நகரவில்லை.

சத்யப்பிரியா உரித்த முட்டையை இரண்டாகப் பிளந்து, மஞ்சள் கருவை எடுத்து இலக்கியாவின் தட்டில் வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“நான் ஒண்ணு சொல்றன். சாய்ந்தரம் சித்தப்பாகிட்ட போயி சொல்றியா?”

“ம்.”

“சித்தி அவுட்டு. இனிமே ஊட்டுக்கு வராது. எங்க, சொல்லு பாப்பம்.”

இலக்கியா சோற்றை விழுங்கிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, பாட்டு ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள்.

“சித்தி அவுட்டு. இனிமே ஊட்டுக்கு வராது.”

“கரெக்ட்,” என்றாள் சத்யப்பிரியா.